ஆட்டத்துக்கு முதுகு காட்டி நின்றவர்

சில மாதங்களுக்கு முன்னால் திருப்பூர் பழைய பஸ் நிலையத்தில் பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்துத் திருப்பியது. வெள்ளை மீசை, வாட்ச்மேன் சட்டை, கையில் டிபன் தூக்கு. எனக்கு ஆளைத் தெரியவே கொஞ்ச நேரம் ஆனது. அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. நல்லா இருக்கியா, பிள்ளைகள் எத்தனை என்றெல்லாம் கேட்கவில்லை.

“மாப்ளே, இந்த வருசம் ஷீல்டு யாருக்கு?”

அந்தக் குரலில்தான் ஆளைக் கண்டுபிடித்தேன். எங்கள் எஸ்டேட் ஆட்டங்களுக்குத் தப்பு என்கிற பறையை அடித்த தப்பு மாமா. இருபது வருடம் கழித்துப் பார்க்கிறேன். பஸ்ஸை விட்டுவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரம் பேசியதில் பாதிக்கு மேல் ஃபுட்பால்தான்.

மூணாறுப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஷீல்டு என்றால் ஒன்றே ஒன்றுதான், ஃபின்லே ஷீல்டு. தேயிலைத் தோட்டங்களை நடத்திய ஸ்காட்லாந்துக் கம்பெனியான ஜேம்ஸ் ஃபின்லேயின் பெயரில், துரைமார் காலத்தில் தொடங்கிய ஃபுட்பால் போட்டி. ஒவ்வொரு எஸ்டேட்டும் ஒரு டீம். பகலில் மருந்தடிக்கிறவர், கவாத்து வெட்டுகிறவர், ஃபாக்டரியில் நிற்கிறவர், ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர் எல்லோரும் சாயங்காலம் ஜெர்சி போட்டுக்கொண்டு இறங்குவார்கள். 1964ல் டாடா வந்தது, 1983ல் அது டாடா டீ ஆனது, 2005ல் தொழிலாளர்களே பங்கு வாங்கிய கம்பெனி உண்டானது. தோட்டத்தின் பெயர்ப்பலகை இத்தனை முறை மாறியும் கேடயத்தின் பெயரை யாரும் மாற்றவில்லை. மாற்றினால் எங்கள் ஆத்தாமார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் வாயில் அது ‘பில்லே சீல்டு’.

பந்து எங்களுக்குச் சின்ன வயதிலேயே பழகிவிடும். எல்லா எஸ்டேட்டிலும் சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு மைதானம் இருக்கும். ஒரு பக்கம் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம், மற்ற மூன்று பக்கமும் தேயிலை. பந்து வெளியே போனால் தேயிலைக்குள் உருண்டு பள்ளத்துக்கு இறங்கிவிடும். அதை எடுத்துவர ஓடுகிறவன்தான் டீமில் சேரும் முதல் தகுதியைப் பெறுகிறான். நான் அந்த ஓட்டத்தோடு நின்றுபோனவன். காலில் பந்து நிற்காது. ஆனால் பழைய மூணாறு மைதானத்தில் எங்கள் எஸ்டேட் ஆடும் நாளில் நான் இல்லாமல் இருந்ததில்லை, 1985லிருந்து நாங்கள் மலை இறங்கும் வரைக்கும்.

மேட்ச் நாளில் காலையிலேயே லயத்தில் வேறொரு வாசம் வந்துவிடும். அரைநாள் வேலை முடிந்ததும் ஆட்கள் ஓடிவந்து குளித்து, புதுச்சட்டை போட்டு, லாரிக்குக் காத்து நிற்பார்கள். கொழுந்து ஏற்றும் லாரியில் நாங்கள் ஏறுவோம். தரையில் காய்ந்த கொழுந்து ஒட்டியிருக்கும், அதன் பச்சை வாடை சட்டையில் ஏறிக்கொள்ளும். வளைவுகளில் லாரி சாயும்போது மொத்தக் கூட்டமும் ஒரு பக்கம் சரிந்து ஒரே குரலில் கத்தும். எதிரே இன்னொரு எஸ்டேட் லாரி வந்தால் இரண்டு டிரைவர்களும் வேகத்தைக் குறைத்து, ஆட்கள் ஒருவரையொருவர் கேலி செய்ய நேரம் கொடுப்பார்கள். லாரி டிரைவர் அண்ணன் அந்த விஷயத்தில் பெரிய மனசுக்காரர்.

எங்களுக்கென்று ஒரு மூலை இருந்தது. மலையாளத்தில் எல்லோரும் அதைக் கேலரி என்பார்கள், நாங்களும் அப்படியே சொன்னோம். கோல் போஸ்ட்டுக்கு இடது பக்கம் இருக்கும் மேடு. அதில் யார் எங்கே உட்காருவார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் மாறாது. முன்வரிசையில் ரிட்டயர் ஆகப்போகிற கங்காணி தாத்தா, கம்பளியைப் போர்த்திக்கொண்டு. அவர் கத்த மாட்டார், ஆஃப்சைடு மட்டும் சொல்வார். லைன்ஸ்மேன் கொடி தூக்கும் முன்னால் அவர் கை தூக்கியிருக்கும். அவருக்குப் பின்னால் நாங்கள் ஏழெட்டுப் பையன்கள். ஒரு ஓரமாக ஸ்கூல் வாத்தியார், மலையாளி, திருச்சூர்க்காரர். எங்கள் எஸ்டேட்டுக்கு மாற்றலாகி வந்த முதல் வருடமே கேலரியில் சேர்ந்துவிட்டார். இந்திய ஃபுட்பால் டீமுக்கு ஆடிய ஐ.எம். விஜயன் திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன் என்பதை முதலில் எங்களுக்குச் சொன்னவர் அவர்தான். சொல்லும்போது தன் சொந்தத் தம்பியைப் பற்றிச் சொல்வதுபோல அவர் குரல் நெகிழும்.

மேலே, கடைசி வரிசையில் பெண்கள். எங்கள் எஸ்டேட்டின் உண்மையான பலம் அங்கேதான் இருந்தது. திருநெல்வேலி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து போடி வழியாக மலையேறிய குடும்பங்கள் கொண்டுவந்த எத்தனையோ சாமான்கள் வழியில் தொலைந்திருக்கும், குலவை தொலையவில்லை. அம்மன் கொடைக்குப் போடும் அதே குலவையை எங்கள் அக்காமார் கோலுக்குப் போட்டார்கள். நாற்பது பெண்கள் சேர்ந்து குலவையிட்டால் மலையில் பட்டுத் திரும்பி வரும். எதிர் டீம் கோலி அந்தச் சத்தத்தில் தடுமாறியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். உலகத்தில் எந்த மைதானத்தில் என்ன பாட்டுப் பாடினாலும், என் காதுக்கு அதற்கு ஈடான சத்தம் இதுவரை கிடைக்கவில்லை.

இவர்கள் எல்லோருக்கும் எதிரே, கேலரிக்கும் கோட்டுக்கும் நடுவில் நிற்பார் தப்பு மாமா.

அவர் எப்போதும் எங்களைப் பார்த்துத்தான் நிற்பார். மைதானம் அவர் முதுகுப் பக்கம். கூட்டம் தளர்ந்தால் அடியை மாற்றுவார், கார்னர் விழுந்தால் நாங்கள் எழுந்து நிற்பதைப் பார்த்து வேகம் கூட்டுவார். பத்துப் பதினைந்து வருடம் ஒரு ஆட்டத்தையும் விடாமல் வந்தவர், ஒரு கோல் விழுந்ததைக்கூட நேராகப் பார்த்ததில்லை. “உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு ஆட்டம் தெரியும்டே” என்பார். இதைப் பெருமையாகவும் சொன்னதில்லை, குறையாகவும் சொன்னதில்லை.

மூணாற்றின் ஈரத்தில் தப்பின் தோல் சீக்கிரம் தளர்ந்துவிடும். இடைவேளையில் தீ மூட்டிக் காய்ச்ச வேண்டும். அதற்காகவே பையன்கள் நாங்கள் கவாத்தில் வெட்டிய காய்ந்த தேயிலைக் குச்சிகளைக் கட்டாகக் கட்டி லாரியில் கொண்டுவருவோம். தேயிலைக் குச்சி நன்றாகப் பிடித்து எரியும், நின்று எரியும். அவர் தோலைத் தீயில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி காட்டி, ‘டங்’ என்று ஒரு சத்தம் வந்ததும் தலையாட்டுவார். குளிருக்கு நாங்கள் எல்லோரும் அந்தத் தீயைச் சுற்றி நிற்போம். எதிர் எஸ்டேட் ஆட்களும் வந்து கை காய்ச்சுவார்கள். அங்கே நின்று பேசிய பேச்சுகளில் எத்தனை கல்யாணம் முடிவாகியிருக்கிறது தெரியுமா? என் சித்திக்கு மாப்பிள்ளை பார்த்தது அந்தத் தீயின் பக்கத்தில்தான்.

ஒரு ஃபைனலைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் எஸ்டேட் அபூர்வமாக ஃபைனலுக்கு வந்த வருடம். முதல் பாதியில் யாரும் கோல் போடவில்லை. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மலையிலிருந்து மஞ்சு இறங்கியது. முதலில் அந்தப் பக்கத்துக் கோல் போஸ்ட் போனது, அப்புறம் நடுக்கோடு, கடைசியில் எங்கள் டீம் ஆட்களே நிழலாகத்தான் தெரிந்தார்கள். ரெஃப்ரி நிறுத்தவில்லை. பந்தை உதைக்கும் சத்தம் மட்டும் வந்தது. நாங்கள் எழுந்து நின்று, ஒன்றும் தெரியாத வெள்ளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று அந்தப் பக்கத்து மேட்டிலிருந்து குலவை எழுந்தது. அவர்கள் பெண்கள். அவர்களுக்கும் அதே ஊர்ப் பாட்டிமார்தானே, அதே குலவை. எங்களுக்குப் புரிந்துவிட்டது. மாமா எங்கள் முகங்களை ஒரு முறை இடமிருந்து வலமாகப் பார்த்தார். கை நின்றது. தப்பைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்தார். அந்த ஒரு நாள்தான் அவர் ஆட்டம் முடியும் முன்னால் அடிப்பதை நிறுத்தியது. கொஞ்ச நேரம் கழித்து கங்காணி தாத்தா, “எடுத்து அடிடே, இன்னும் பத்து நிமிசம் கெடக்கு” என்றார். மறுபடி எடுத்து அடித்தார். 1-0, அப்படியே முடிந்தது. திரும்பி வரும் லாரியில் யாரும் பேசவில்லை. லயம் வந்து இறங்கும்போது அக்கா ஒருத்தி மட்டும், “விடுங்க, அவளுகளும் நல்லாத்தான் குலவை போட்டாளுக” என்றாள்.

வீட்டில் டி.வி. இல்லாத காலம். எஸ்டேட் கிளப்பில் ஒன்று இருந்தது. 1990 உலகக் கோப்பையை அந்தக் கேலரி மொத்தமும் கிளப்புக்கு மாறி உட்கார்ந்து பார்த்தது. ஜூன் மாதம், வெளியே தென்மேற்குப் பருவமழை. முதல் மேட்ச் ராத்திரி ஒன்பதரைக்கு. மரடோனாவின் அர்ஜெண்டினாவை கேமரூன் 1-0 என்று ஜெயித்ததும் மாமா தப்பை எடுத்துவிட்டார். மழையில் நனைந்த தோல், சத்தமே வரவில்லை, தொப் தொப் என்று அடித்தார். நாங்கள் ஆடினோம். கேமரூன் எங்கே இருக்கிறது என்று அடுத்த நாள் வாத்தியார் வகுப்பில் மேப்பைத் தொங்கவிட்டுக் காட்டினார். ஜூலை 8 ராத்திரி ஃபைனலில் பெனால்டியில் மேற்கு ஜெர்மனி ஜெயித்து மரடோனா அழுதபோது, அவர் தோற்க வேண்டும் என்று ஒரு மாதமாகப் பேசியவர்களும் அழுதார்கள்.

நாங்கள் தமிழரா கேரளமா என்ற கேள்வி இந்த மலையில் 1950களிலிருந்தே ஓடுகிறது. 1956ல் மாநிலங்களைப் பிரித்தபோது கன்னியாகுமரிப் பக்கம் நான்கு தாலுகா தமிழ்நாட்டுக்குப் போனது. மூணாறு இருக்கும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. வெளியூர்க்காரர்கள் எங்களிடம் இதைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கேலரியில் அதற்கு ஒரு பதில் இருந்தது. 1992ல் கோயம்புத்தூரில், மாநிலங்கள் மோதும் ஃபுட்பால் போட்டியான சந்தோஷ் டிராபியை வி.பி. சத்யன் தலைமையில் கேரளம் ஜெயித்தபோது லயத்தில் வெடி போட்டோம். கோயம்புத்தூர் என்பதால் பாதி சந்தோஷம், கேரளம் என்பதால் பாதி. சத்யன் பிறகு இந்தியன் வங்கி டீமுக்கு ஆடச் சென்னைக்குப் போனதும், “ஆளு இப்ப ரெண்டு பக்கமும் நம்மாளு” என்றார் டிரைவர் அண்ணன். 2006ல் அவர் சென்னையில் இறந்த செய்தியைப் பேப்பரில் படித்த அன்று நான் அண்ணனைத்தான் நினைத்தேன். அண்ணன் அதற்குள் மலையில் இல்லை.

இந்த ‘மலையில் இல்லை’ என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு சேர்ந்தது. 58 வயதில் சர்வீஸ் முடிந்தால், வீட்டில் வேறு யாரும் தோட்ட வேலையில் இல்லையென்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். எங்கும் உள்ள வழக்கம் அது. அதனால் மற்ற ஊர் ரசிகர்களுக்கு நடக்காத ஒன்று எங்களுக்கு நடந்தது. நாங்கள் எஸ்டேட் பெயரில் கத்தியவர்கள். டீம் என்பது நாங்கள் குடியிருக்கும் இடத்தின் பெயர். வீடு போன அன்றைக்கு ‘நம்ம டீம்’ என்பதும் சேர்ந்து போகிறதா? என் அப்பா லயத்தின் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று கேட்டது அதுதான். “இனி நாம எந்த எஸ்டேட்டுனு சொல்றது?” இறந்து போகும் வரைக்கும், சங்கரன்கோவில் பக்கத்துச் சொந்த ஊரில் இருந்துகொண்டு, ஒவ்வொரு வருடமும் யாரிடமாவது கேட்டு ஷீல்டு முடிவைத் தெரிந்துகொள்வார்.

கேலரி அப்படித்தான் கலைந்தது. சண்டை போட்டு இல்லை, சலித்துப்போய் இல்லை. ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று இடம் காலியாகும். கங்காணி தாத்தா கோவில்பட்டிக்குப் போய் அங்கேயே முடிந்தார். டிரைவர் அண்ணன் போடி. வாத்தியார் மாற்றலாகித் திருச்சூருக்கே திரும்பினார். எங்கள் ஏழெட்டுப் பையன்களில் ஐந்து பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வந்துவிட்டோம். இந்த ஊரில் ஒரே தெருவில் குடியிருந்தும் மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பதே பெரிய விஷயம். மலையில் ஒரே மேட்டில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தவர்கள்.

2016 டிசம்பர் 18 அன்று நாங்கள் மூன்று பேர் கொச்சிக்குப் போனோம். கலூர் ஸ்டேடியத்தில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) ஃபுட்பால் ஃபைனல், கேரளா பிளாஸ்டர்ஸும் கொல்கத்தாவும். 50,000 பேருக்கு மேல், எங்கே திரும்பினாலும் மஞ்சள். மஞ்சப்படை என்ற ரசிகர் கூட்டத்தை அன்றுதான் நேரில் பார்த்தேன். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் ஒரு பையன் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து டிரம் அடித்துக்கொண்டிருந்தான். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. முகமது ராஃபி தலையால் கோல் போட்டதும் அந்த இடமே இடிந்து விழுவதுபோல இருந்தது. கொல்கத்தா சமன் செய்தது. பெனால்டியில் 4-3 என்று கேரளம் தோற்றது. அத்தனை பேர் ஒரே நேரத்தில் அமைதியாவதைக் கேட்டது எனக்கு அது இரண்டாவது முறை. அந்த டிரம் அடித்த பையன் என்ன செய்தான் என்று தேடினேன். குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாராவது “எடுத்து அடிடே” என்று சொல்ல மாட்டார்களா என்று இருந்தது.

குலவையை மறுபடி கேட்டது டி.வி.யில். 2015 செப்டம்பரில் மூணாறு சாலையில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் போனஸும் கூலியும் கேட்டு, ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் உட்கார்ந்தார்களே, அந்த நாட்களில். சேனல்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள், இவர்களுக்கு இவ்வளவு குரல் எங்கிருந்து வந்தது என்று. எனக்கு ஆச்சரியமாக இல்லை. அந்தக் குரலை நான் கடைசி வரிசையில் கேட்டிருக்கிறேன்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி ராஜமலைக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடியில் மலை இடிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர். அந்தப் பக்கத்து ஆட்களை நாங்கள் பெயர் சொல்லி அறிந்ததில்லை. எதிர் மேட்டில் பார்த்திருக்கிறோம், தீயில் ஒன்றாகக் கை காய்ச்சியிருக்கிறோம். அன்று மாமாவின் மருமகன் வீட்டு நம்பர் என்னிடம் இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பேன். யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தது, அந்த மைதானத்தை அறிந்த யாரிடமாவது.

டீக்கடையிலிருந்து எழும்போது மாமாவிடம், “அடுத்த ஷீல்டுக்கு வாங்க, கார் வச்சுப் போயிடலாம்” என்றேன். முட்டியைத் தட்டிக் காட்டினார். வளைவு ரோட்டில் உட்கார முடியாது, குளிரும் ஆகாது. “நீ போ. போய் எனக்கு போன் போடு. ஆட்டமெல்லாம் சொல்ல வேண்டாம், சத்தம் மட்டும் கேக்கட்டும்.”

போனேன். உடுமலைப்பேட்டையில் பஸ் பிடித்து, சின்னாறு செக்போஸ்ட் தாண்டி, மறையூர் வழியாக. வாகுவரை வந்ததும் ஜன்னல் வழியாக அந்தப் பச்சை வாடை ஏறியது. பழைய மூணாறில் இறங்கி மைதானத்துக்கு நடந்தேன். எங்கள் எஸ்டேட்தான் அன்று ஆடியது. இடது பக்கத்து மேட்டில் எங்கள் ஆட்கள்தான், ஆனால் ஒரு முகமும் தெரியவில்லை. டிரம் செட்டு, பெரிய கொடி, வண்ணப்புகை. சில பையன்கள் மேடு ஏறிய என்னைப் பார்த்தார்கள். ஒருத்தன், “எந்த எஸ்டேட் அண்ணே?” என்று கேட்டான். எங்கள் பழைய லயத்தின் நம்பரைச் சொன்னேன். “நாலாம் லயமா? அதுலதான் எங்க பெரியம்மா இருக்காக” என்று நகர்ந்து இடம் விட்டான்.

போனைப் போட்டேன். உயர்த்திப் பிடித்தேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். அப்புறம் ஒரு டக் டக், டக் டக். கட்டிலிலோ பெஞ்சிலோ விரலால் அடிக்கிறார். டிரம் செட்டின் தாளம் அவருக்குப் பிடிபடவில்லை போல, விட்டு விட்டு அடித்தார். பெண்கள் பக்கம் குலவை எழுந்ததும் சரியாகச் சேர்ந்துகொண்டார்.

“மாப்ளே, நீ ஒண்ணு செய். திரும்பி நில்லு.”

“எங்க?”

“ஆட்டத்தப் பாக்காத. நம்மாளுக மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

எழுந்து கோட்டுப் பக்கம் இறங்கி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். சொன்னேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் வாயைத் திறந்தபடி இருக்கிறார். பையன்கள் பாதி எழுந்து பாதி உட்கார்ந்து இருக்கிறார்கள். இடம் விட்டவன் நகத்தைக் கடிக்கிறான். மேலே ஒரு அக்கா கையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் அப்படியே வைத்திருக்கிறாள்.

“கார்னர்” என்றார் மாமா. “வேகமா அடிக்கச் சொல்லு.”